சாஃபோவின் எட்டாத ஆப்பிள்

கி.மு. 600ஐ ஒட்டி லெஸ்போஸ் தீவில் வாழ்ந்த கிரேக்கப் பெண்கவிஞர் சாஃபோ யாழிசையோடு பாட இயற்றிய பாடல்களை அலெக்சாந்திரியா அறிஞர்கள் பல சுருள்களாகத் தொகுத்திருந்தும், இன்று முழுமையாகக் கிடைப்பது காதல் தெய்வமான அஃப்ரொடைட்டியை அழைக்கும் ஒரே பாடல்தான். மற்றவை பிறர் நூல்களில் மேற்கோளாகவும், எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்ற பழைய நகரின் குப்பைமேடுகளில் பாப்பிரஸ் என்னும் நாணல்தாள் கிழிசல்களாகவும் தப்பியவை. உச்சிக்கிளை நுனியில் சிவந்திருக்கும் ஆப்பிளைப் பறிப்போர் மறந்துவிட்டார்கள் என்று தொடங்கி, இல்லை, மறக்கவில்லை, அவர்களால் எட்ட முடியவில்லை என்று தன் சொல்லையே அவர் திருத்திக்கொள்ளும் அந்தச் சில அடிகளுக்கு ஈடாக நான் எதையும் வைக்க மாட்டேன். நாக்கு செயலிழந்து, தோலடியில் தீ ஓடி, காதுகள் இரைய நிற்கும் அவருடைய காதல் பாடலையோ ரோமானியக் கவிஞர் கட்டுல்லஸ் லத்தீனில் தமதாக்கிக்கொண்டார். 2004இல் வெளியான பாப்பிரஸ் ஒன்று சாஃபோவின் முதுமைப் பாடலை ஏறத்தாழ முழுமையாக மீட்டுத் தந்தது. முன்பு மான்குட்டிகளைப்போல் துள்ளி ஆடிய முழங்கால்கள் இப்போது தாங்கவில்லை என்கிறார் அதில்.