காக்ளியர் இம்பிளான்டுக்கு அரச உதவி: நாங்கள் போன வழி

மகள் தரம் நான்கில் படிக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பினாள், ஆனால் இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது. சாதாரண காதுக் கருவி போட்டுப் பார்த்தும் பயனில்லை, சத்திரசிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவிதான் வழி, அதையும் தள்ளிப்போட முடியாது என்றார் டொக்டர். இந்தக் காய்ச்சல் வந்தவர்களுக்கு உள்காதில் இருக்கிற நத்தைச்சுருள் எலும்பாக இறுகத் தொடங்கலாம், இறுகிவிட்டால் கருவியின் மெல்லிய கம்பியான எலக்ட்ரோடை உள்ளே செலுத்துவது கஷ்டம். பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்கும் சீக்கிரம் செய்வதுதான் நல்லது, ஆனால் எங்களுக்கு இருந்த அவசரம் வேறு. அரச ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை இலவசம் என்றாலும் கருவியை நாங்கள் வாங்கித்தர வேண்டியிருந்தது, அதன் விலை பல இலட்சம்.

எங்கே என்ன உதவி கிடைக்கும் என்று ஓரிடத்தில் உட்கார்த்தி வைத்துச் சொன்னவர்கள் யாருமில்லை. கிளினிக் வரிசையில் பக்கத்தில் இருந்த தாய்மார்தான் ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். ஜனாதிபதி நிதியம், பாடசாலை மாணவருக்கான சுரக்ஷா காப்புறுதி, மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு என்று மூன்று இருக்கின்றன. மூன்றுக்கும் வாசல் வேறு. ஒன்று முடியட்டும், அப்புறம் மற்றதைப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம், டொக்டர் சொன்ன அன்றைக்கே மூன்றையும் தொடங்குங்கள்.

முதலில் ஜனாதிபதி நிதியம். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது இது. முன்பெல்லாம் நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் இதற்காகக் கொழும்புக்கு வரவேண்டும், 2025 பெப்ரவரியில் இருந்து அந்தந்தப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். கொழும்பில் இருக்கிற எங்களுக்கு அதில் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைக்கக்கூடும், ஆனால் பதிந்தவுடன் எங்கள் பகுதி உத்தியோகத்தரிடமே போய் எது குறைகிறது என்று கேட்க முடிந்தது, அது பெரிய உதவி.

எங்களை இழுத்தடித்தது கிராம உத்தியோகத்தர் தரவேண்டிய வதிவிட, வருமானச் சான்று. கொழும்பில் வாடகைக்கு இருக்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு இருக்கிற அதே பிரச்சினைதான்: எங்கள் பெயர் இன்னும் ஊர் வாக்காளர் இடாப்பில், கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில், வாடகை ஒப்பந்தமோ காலாவதியானது. இடாப்பில் பெயர் இல்லை, தரமுடியாது என்று ஒரே பேச்சு. அழுகையே வந்துவிட்டது, பிள்ளையின் காது இறுகிக்கொண்டு இருக்கிறதோ என்று ஒவ்வொரு நாளும் பயம். கடைசியில் வீட்டுக்காரர் அக்கா புது ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வைத்தார், பாடசாலையில் இருந்து பிள்ளை இந்த முகவரியில் இருந்துதான் வருகிறாள் என்று அதிபரின் கடிதம் எடுத்தோம், ஊர் கிராம உத்தியோகத்தரிடம் எங்கள் அண்ணா போய் நாங்கள் இப்போது அங்கே இல்லை என்று எழுதி வாங்கினார், மூன்றையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் சான்று கிடைத்தது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் நோய் நொடி வரும்வரை பார்த்திருக்காமல் இப்போதே இடாப்பில் பதிந்துகொள்ளுங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

பெயரையும் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் தமிழில் இருக்கும் பெயரை கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும் டயக்னோசிஸ் காட்டில் இன்னொரு விதமாகவும் எழுதியிருந்தார்கள். வார்டில் இருக்கும்போதே திருத்தச் சொல்லிக் கேட்டால் உடனே செய்து தருவார்கள், டிஸ்சார்ஜ் ஆனபிறகு அலைச்சல்.

டொக்டரின் கடிதம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. காது கேட்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதாது. இரண்டு காதிலும் எத்தனை டெசிபல் இழப்பு, சாதாரண கருவி ஏன் பலன் தரவில்லை, இம்பிளான்ட் ஏன் அவசரம், தாமதித்தால் என்ன ஆகும் என்று எழுதித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். எங்கள் டொக்டர் மறுக்கவே இல்லை, காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஓடியோகிராமையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் சேர்த்து வைக்கச் சொன்னார். கருவி கொடுக்கும் கம்பனியின் கொட்டேஷனும் வேண்டும். நிதியம் தந்தது முழு விலையில் ஒரு பகுதிதான், அதையும் எங்கள் கையில் தரவில்லை. மிச்சத்துக்கு நகை, சீட்டு, சொந்தக்காரர்.

கவுண்டரில் சிங்களப் படிவம் நீட்டினால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, கேட்பது உரிமை. எங்களுக்கு ஒரு கவுண்டரில் முதலில் இல்லை என்றார்கள், நின்று கேட்டபோது உள்ளே இருந்து எடுத்து வந்தார்கள்.

சுரக்ஷா 2017இல் தொடங்கியது, இடையில் நின்று 2024இல் திரும்ப வந்தது. பெற்றோர் கட்டணம் எதுவும் கட்டத் தேவையில்லை, பாடசாலைப் பிள்ளை என்பதே போதும். ஆனால் இது பாடசாலை வழியாகப் போவது, படிவத்தில் அதிபரின் கையெழுத்து வேண்டும். மகள் வார்டில் இருந்த நாட்களுக்கு இதில்தான் கேட்டோம். ஆஸ்பத்திரியில் தந்த ஒரு துண்டைக்கூட எறியாதீர்கள், மூலப்பிரதியைக் கொடுக்கும்முன் ஃபோட்டோகொப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாதாந்தக் கொடுப்பனவுக்கு பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தரைக் காணவேண்டும். 7,500 ஆக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபாய் ஆக்கினார்கள். குடும்ப வருமானம் பார்ப்பார்கள். எங்கள் விண்ணப்பம் இன்னும் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. ஆனால் கருவியை ஒன் பண்ணியவுடன் பிள்ளை முன்புபோலக் கேட்பாள் என்று நினைக்காதீர்கள், மெப்பிங் என்று திரும்பத் திரும்பப் போய்ச் சத்த அளவைச் சரிபார்க்க வேண்டும், பேச்சுப் பயிற்சி வேண்டும். சத்தத்தை வாங்கி உள்ளே அனுப்ப வெளியே மாட்டியிருக்கிற புரசெசருக்கு பட்டரி, கேபிள் என்று செலவு நிற்பதே இல்லை. எங்களுக்கு நிதியம் தந்தது கருவிக்கு மட்டும்தான், தொடர் செலவுக்கு இல்லை. அதற்கு உதவி கேட்டு பத்தரமுல்லையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்துக்கு, சமூக சேவை உத்தியோகத்தர் மூலமாக இப்போது எழுதியிருக்கிறோம். இந்தப் பட்டரிச் செலவுக்கு யாருக்காவது உதவி கிடைத்திருந்தால் எந்தப் படிவத்தில் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள், கிளினிக்கில் இன்னும் பல தாய்மார் இதையேதான் கேட்கிறார்கள்.