எழுதிக் கொடுங்க

"எழுதிக் கொடுங்க பெரியம்மா" என்று நான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. மனு இல்லாமல் பேரூராட்சியில் எதுவும் நகராது. பெரியம்மா கேட்டது லைனுக்கு, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு, போகிற பாதையில் ஒரு தெருவிளக்கு. பாதை தோட்டத்து நிலம். தோட்டம் தடையின்மைச் சான்று தராமல் நாங்கள் ஒரு கம்பம்கூட நட முடியாது. அதைக் கேட்கவும் முதலில் கையில் ஒரு தாள் வேண்டும். செயல் அலுவலர் அதைத்தானே கேட்பார்?

பெரியம்மா என் முகத்தையே பார்த்தார். "எப்பவும் நீதானே பாப்பா எழுதுவ?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதுதான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

1964-ல் இந்தியாவும் சிலோனும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் எங்களுடையவை. அப்படி வந்தவர்களுக்காகவே 1968-ல் அரசு நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. லைன் வீடு என்றால் ஓர் அறை, ஓர் அடுப்படி. எங்கள் லைனில் தப்பில்லாமல் எழுதத் தெரிந்தவள் நான்தான். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், ஒழுகும் கூரை எல்லாவற்றுக்கும் மனு என் எழுத்தில்தான் போகும். பெரியம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து எத்தனை முறை மையில் அழுத்தியிருப்பேன்! கூலி ஒரு டீயும் வர்க்கியும்.

2016-ல் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரி வரை வார்டுக்கு உறுப்பினரே இல்லை. தேர்தல் வந்தபோது எங்கள் வார்டு பெண்களுக்கு. "மனு எழுதுற புள்ள" என்று சொல்லியே ஜெயிக்க வைத்தார்கள்.

நானே எழுதினால், சொந்த லைனுக்கு மட்டும் செய்கிறாள் என்று மற்ற லைன்காரர்கள் பேசுவார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அன்று பக்கத்தில் அலுவலக ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் குரலில் பேசியிருப்பேனா? தெரியவில்லை. இத்தனைக்கும் கேட்டது பெரிய காரியமில்லை. பலா பழுக்கிற மாதங்களில் யானை லைன் வரைக்கும் வந்துவிடும். விளக்கு போட்டால் வராது என்றில்லை, நிற்பதாவது தெரியும்.

அன்று இரவே டார்ச்சோடு போய் எழுதினேன். அனுப்புநர், பெரியம்மா. பெறுநர் என்று போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வார்டு உறுப்பினர் என்று எழுதக் கை வரவில்லை. செயல் அலுவலர் என்று எழுதினேன்.

பெரியம்மா கைநாட்டு வைத்து, மை காயும்வரை ஊதி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "நாளைக்கு எத்தன மணிக்கு வந்து உன்னப் பாக்கணும்?"

கையை நீட்டி அப்போதே வாங்கியிருக்கலாம்.

"பத்தரைக்கு ஆபீஸுக்கு வாங்க" என்றேன்.