பரணில் கிடந்த ஸ்கேன் ஃபைல்

போன மாதம் குரோம்பேட்டை வீட்டில் பரணை ஒழித்தபோது, கொலு பொம்மைப் பெட்டிக்கு அடியில் என் பிரசவ ஃபைல் கிடைத்தது. பதினொரு வருஷப் பழசு. உள்ளே 28-ஆம் வார டாப்ளர் ஸ்கேன், கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஓட்டம் குறைவு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் மாஸ்டர் செக்கப்பில் பிபி 150/96 வந்து, டென்ஷனா, உப்பு அதிகமா, அப்பாவுக்கு பிரஷர் இருக்கா என்று எல்லாம் கேட்ட டாக்டர் பிரசவத்தைப் பற்றி மட்டும் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. கர்ப்பத்தில் வந்த பிரஷருக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, அதைச் சொல்லணும் என்று எனக்கே தெரியாதே!

வளைகாப்பு அன்று வளையல் ஏறாமல் சோப்பு போட்டு ஏற்றினார்கள். "புள்ளத்தாச்சிக்கு வீங்கத்தான் செய்யும்" என்று சித்தி சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரமே பிரஷர் 160, யூரினில் புரோட்டீன், அட்மிஷன், குழந்தையின் நுரையீரலுக்காக எனக்கு ஸ்டீராய்டு ஊசி, அப்புறம் 33-ஆம் வாரத்தில் சிசேரியன். மகள் ஒன்றரைக் கிலோ. கர்ப்பத்தில் இப்படி பிரஷர் ஏறுகிற நோய்க்கு ப்ரீஎக்லாம்ப்சியா என்று பெயர், அந்தப் பெயரையே டிஸ்சார்ஜ் சீட்டில்தான் பார்த்தேன். குழந்தை வந்தாச்சு, இனி பிரஷர் தானாக இறங்கிடும் என்றார்கள். இறங்கவும் செய்தது. கதை அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான்: கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சுக்கொடியின் செல்கள் கர்ப்பப்பைச் சுவரில் உள்ள சுருள் சுருளான ரத்தக்குழாய்களுக்குள் புகுந்து அவற்றை அகலமாக்க வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால் குழாய் குறுகலாகவே இருக்கும், குழந்தைக்குப் போவது குறையும், தவிக்கிற நஞ்சுக்கொடி அம்மாவின் ரத்தத்தில் கலந்துவிடுகிற பொருள்கள் உடம்பு முழுக்க ரத்தக்குழாய்களின் உள்சுவரைக் கெடுக்கும். அந்தச் சேதம் பிறகும் தங்குகிறதா, இல்லை முன்பே இருந்த பலவீனத்தைக் கர்ப்பம் வெளியே காட்டியதா என்றால், இரண்டும் உண்டு என்கிறார்கள். இந்தப் பிரச்சினை வந்தவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதயம் பலவீனமாகி ரத்தத்தைச் சரியாக பம்ப் செய்ய முடியாமல் போவது நான்கு மடங்கு வரை. அமெரிக்க இதய சங்கம் 2011-லேயே பெண்களின் இதய நோய்க்கான அபாயக் காரணங்களில் இதைச் சேர்த்துவிட்டது. நம் செக்கப் ஃபாரத்தில் இதற்கு ஒரு கட்டம் போடுவது அவ்வளவு கஷ்டமா?

அடுத்த குழந்தைக்கு யோசிப்பவர்கள் முதல் செக்கப்பிலேயே பழைய கதையைச் சொல்லிவிடுங்கள். 12 வாரத்திலிருந்து 16-க்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் ஆரம்பித்தால் மறுபடி வருவது குறையும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும், மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கக் கூடாது.

நான் ஃபைலை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை முதல்லயே காட்டியிருக்கலாமே" என்றார். சரிதான். கொழுப்பு, சுகர், எக்கோ எழுதினார், மாத்திரையும் ஆரம்பித்தாயிற்று.

நேற்று மக்களைத் தேடி மருத்துவம் அக்கா மாமியாருக்கு பிபி பார்க்க வந்தார். நானும் கையை நீட்டினேன். 134/86.