விரலால் தீட்டும் கறுப்பு முகம்: போவாஃபோ முறையைச் செய்து பார்த்ததில்

ஓவியர் அமோவாக்கோ போவாஃபோவின் உருவப்படங்களில் முகம், கழுத்து, கை ஆகியவை விரலால் தீட்டியவை. உடையும் பின்னணியும் தட்டையாக இருக்கும். 1984இல் கானாவின் அக்ராவில் பிறந்து, வியன்னா நுண்கலை அகாதமியில் படித்தவர். ஆஸ்திரிய ஓவியர் எகோன் ஷீலேயின் முறுக்கிய கோடுகளை அங்கே உள்வாங்கினாலும், அந்த முறுக்கத்தைத் தோலின் மேற்பரப்புக்குள் கொண்டுவந்தார். அந்த முறையை 16×20 அங்குல கேன்வாஸில், எண்ணெய் வண்ணத்தில் செய்து பார்த்த குறிப்புகள் இவை.

முதலில் புகைப்படம். வெள்ளைச் சுவர் முன் நிற்கவைத்து எடுத்தால் கேமரா சுவரை நம்பி வெளிச்சத்தைக் குறைத்துவிடும். கறுந்தோலின் நிற வேறுபாடுகள் அத்தனையும் ஒரே இருட்டாகிவிடும். நடுத்தரச் சாம்பல் நிறப் பின்னணியும் பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சமும் போதும். சுவரை மாற்ற முடியாவிட்டால் எக்ஸ்போஷரை +1 ஏற்றவும். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வானத்தின் நீலம் விழுந்திருக்க வேண்டும். தாடைக்கு அடியில் தரையிலிருந்து எழும் சூடான வெளிச்சம் தெரிய வேண்டும். இவை இல்லாத படத்திலிருந்து வரைந்தால் பழுப்பு நிறத்தால் நிரப்பிய முகம்தான் கிடைக்கும்.

உடையின் பூவேலைக்கு போவாஃபோ காகிதத்திலிருந்து அச்சைப் பெயர்த்து ஒட்டுகிறார். வீட்டில் செய்வதானால் அக்ரிலிக் ஜெல் வைத்துச் செய்யலாம். ஆனால் எண்ணெய் தொடும் முன்பே முடித்துவிட வேண்டும், எண்ணெயின் மேல் அக்ரிலிக் பிடிக்காது. லேசர் பிரின்ட்தான் வேண்டும். இங்க்ஜெட் மை ஈரத்தில் கரைந்தோடும். இடவலம் மாற்றிய அச்சைக் கவிழ்த்து ஒட்டி, இரவு முழுக்கக் காயவிட்டு, தண்ணீரில் நனைத்து, காகிதத்தை விரலால் உருட்டி எடுக்கவும். காய்ந்தபின் வெண்புகை மாதிரித் தெரிந்தால் காகித நார் மிச்சமிருக்கிறது. மறுபடி நனைத்துத் தேய்த்துவிட்டு மேலே ஒரு கோட் ஜெல் பூசவும்.

தோலுக்குக் கறுப்பு டியூப் தேவையே இல்லை. பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) இரண்டு பங்கு, அல்ட்ராமரின் நீலம் ஒரு பங்கு சேர்த்தால் ஆழமான இருட்டு. நீலத்தைக் கூட்டினால் குளிரும், அம்பரைக் கூட்டினால் சூடேறும். டியூப் கறுப்பில் இந்த அசைவு கிடையாது. நடுநிறத்துக்கு பர்ன்ட் சியன்னாவுடன் (செம்பழுப்பு) துளி அலிசரின் கிரிம்சன் (அடர்சிவப்பு). வெளிச்சப் பக்கம் வரும்போது கை வெள்ளையைத் தேடும். அங்கேதான் முகம் சாம்பல் பூத்துப்போகிறது: டைட்டானியம் வெள்ளை எந்தப் பழுப்பையும் குளிரச் செய்து சுண்ணாம்பாக்கிவிடும். எல்லோ ஓக்கரை (மண் மஞ்சள்) வைத்து வெளிச்சத்தை ஏற்றவும். வெள்ளை கலந்த நீலத்தைக் கடைசியில், சில இடங்களில் மட்டும் வைக்கவும்.

வெறுங்கையால் தீட்டக் கூடாது. கையுறை போட்டாலும் காட்மியம், கோபால்ட், ஈயம் உள்ள நிறங்களைத் தள்ளிவைப்பது நல்லது. விரலோடு ஒட்டும் நைட்ரைல் கையுறைதான் சரி. தொளதொளவென்றிருந்தால் அதன் சுருக்கம் வண்ணத்தில் பதியும். கொண்டைக்கடலை அளவு வண்ணத்துக்கு ஒரு சொட்டு ஆளி விதை எண்ணெய் போதும். கன்னத்துக்கு ஆள்காட்டி விரல், இமைக்குச் சுண்டுவிரல், தாடைக்குக் கட்டைவிரலின் ஓரம். எலும்பு போகும் திசையில் இழுக்கவும்: நெற்றியில் வளைவாக, கண்ணைச் சுற்றி வட்டமாக. ஒரு இழுப்பு, விரலை எடு, துடை, அடுத்தது. அதே இடத்தில் விரலைத் திரும்ப ஓட்டினால் சேறுதான். செம்பழுப்பும் நீலமும் எதிர் நிறங்கள், குழைந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும். பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் இரண்டும் உயிரோடிருக்கும். இருட்டை மெல்லியதாகப் பூசி ஒரு நாள் விட்டால், மேலே விழும் இழுப்பு கலங்காமல் நிற்கும். அம்பர் சீக்கிரம் காய்ந்து, எண்ணெயைக் கீழ்ப்பூச்சு குடித்துவிட்டதால் மங்கலான திட்டுகள் தெரியலாம். அங்கே எண்ணெயை லேசாகத் தடவி, முழுவதும் துடைத்துவிட்டுத் தொடரவும்.

கண், மூக்கு, உதடு விஷயத்தில் எங்கள் கருத்து உறுதியானது: இவற்றைத் திரிக்க வேண்டாம். 1905இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் தொடங்கிய 'டி புரூக்கே' ஓவியர் குழுவின் கிர்ஷ்னர் போன்றவர்கள் அருங்காட்சியகத்தில் பார்த்த ஆப்பிரிக்க, பசிபிக் சிற்பங்களிலிருந்து வடிவங்களை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் ஆப்பிரிக்கர் என்றால் முகமூடி. பேரும் ஊரும் உள்ள மனிதர் அதில் இல்லை. போவாஃபோ தீட்டும் ஆட்களோ பெரும்பாலும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். வேகமும் கொந்தளிப்பும் தோலின் இழுப்புகளில் இருக்கட்டும். அம்சங்கள் அந்த ஆளுடையதாகவே இருக்கட்டும். கண்ணுக்கும் உதட்டின் கோட்டுக்கும் மெல்லிய தூரிகையை எடுக்கலாம். விழியின் வெண்மைக்கு, வெள்ளையில் துளி ஓக்கரும் நீலமும் சேர்ந்த வெளிர்சாம்பல் போதும். தூய வெள்ளை வைத்தால் கண் பிதுங்கும்.

பின்னணிக்கு எலுமிச்சை மஞ்சள் எடுத்தோம். மஞ்சளுக்குப் பக்கத்தில் தோலின் நீலமும் ஊதாவும் துள்ளி எழுகின்றன. பழுப்புப் பின்னணியில் அவை அடங்கிப்போகும். இந்த மஞ்சள் அடியில் இருப்பதை முழுதாக மறைக்காது என்பதால் கீழே வெள்ளை பூசிக் காயவிட்டால்தான் சீராக விழும்.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவைக்கவும், அல்லது தண்ணீர் ஊற்றி மூடிய டப்பாவில் போடவும். விரல் இழுப்புகளின் கெட்டியான வரம்புகள் மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும்; வழக்கமான வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுக்க வேண்டும்.