கொடியின் இரண்டு முனை

பாட்டிலைச் சுற்றி லேசரில் ஒரு பூங்கொடி பொறிக்கக் கேட்டு வந்தார் கல்யாண வீட்டுக்காரர். "கொடி சுத்தி வந்து முனையோட முனை சேரணும் அண்ணாச்சி" என்றார். "சேராது. பின்பக்கம் மூணு மில்லி இடம் விட்டு ஒரு மொட்டு வச்சிருதேன்" என்றேன். அந்தச் 'சேராது' நியாயம்தானா என்பது இன்னும் மனசில் ஓடுகிறது.

பவுடர் கோட்டிங் அடித்த எவர்சில்வர் பாட்டில். விட்டம் 73 மி.மீ., சுற்றளவு 229.3. காலிப்பரில் 0.1 பிசகினால் சுற்றளவில் 0.3 போய்விடும், காகிதப் பட்டையைச் சுற்றி அளப்பதே மேல். அளவு சரியாக இருந்தாலும், லேசருக்கு அடியில் பாட்டிலைச் சுழற்றும் ரோலர் ரோட்டரியில், உருளைகள் மேல் பாட்டில் சும்மா உட்கார்ந்துதானே சுற்றுகிறது? காலி பாட்டில் வழுக்கும். தண்ணீர் நிரப்பி மூடினால் கொஞ்சம் அடங்கும். ஆடிக்காற்றில் ரோலர் ரப்பரில் புழுதி படிந்தால் மறுபடி வழுக்கும்.

சோதிக்க மாஸ்கிங் டேப் போதும். குறைந்த பவரில் ஒரு கோடு, 229.3 சுற்றி இன்னொரு கோடு. ஒவ்வொரு தடவையும் அதே 1 மி.மீ. தள்ளி விழுந்தால் ஸ்டெப் எண்தான், அதாவது எவ்வளவு சுற்ற வேண்டும் என்று மெஷினுக்குக் கொடுத்த எண்தான், தப்பு. பழைய எண்ணை 229.3-ஆல் பெருக்கி, நிஜமாக நகர்ந்த தூரத்தால் வகுத்தால் தீர்ந்தது. ஒரு தடவை அரை, அடுத்த தடவை ஒன்றரை என்று மாறினால் அது வழுக்கல். அதற்கு எந்த எண்ணும் உதவாது. ஸ்கேன் ஓட்டம், அதாவது லேசர் வரிவரியாகப் போய்வரும் திசை, பாட்டிலின் நீளவாக்கில் இருக்க வேண்டும். சுற்று மெதுவாக ஒரே திசையில் போக வேண்டும். கொடியை அவுட்லைனாக ஓட்டினால் பாட்டில் முன்னும் பின்னும் உருண்டு பிடி விட்டுப்போகும். லேசர் பீம் பாட்டிலின் உச்சிக்கோட்டில் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். 10 மி.மீ. ஒதுங்கினால் அந்த இடம் 1.4 மி.மீ. தாழ்ந்திருக்கும், ஃபோகஸ் போய்க் கோடு தடித்துவிடும்.

டேப்பில் மாறி மாறித்தான் விழுந்தது. ஆக, சொன்னது சரி.

ஆனால் பாட்டிலைத் தாடைகளால் கவ்விச் சுற்றும் சக் ரோட்டரி பக்கத்திலேயே இருந்தது. சக்கில் 360 பாகை திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்தாக வேண்டும். கொடுத்த விட்டம் சற்றுப் பிசகினாலும், படத்தின் அகலத்தை அதே விட்டத்தின் சுற்றளவாக வைத்தால் முனை சேரும். படம்தான் இழையளவு நீளும், இல்லை சுருங்கும். அதற்காக, தாடை வாயைப் பிடித்தால் அடி ஆடும், மறுமுனையைத் தாங்க டெயில்ஸ்டாக் முட்டு வேண்டும், கோட்டிங் கீறாமல் தாடைக்கு ரப்பர் வைக்க வேண்டும், ஒவ்வொரு பாட்டிலையும் சுற்றிவிட்டு ஆட்டம் பார்க்க வேண்டும். தாம்பூலப் பைக்குப் போகிற பாட்டிலுக்கு இத்தனையுமா?

வாங்க வந்தவர் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். "மொட்டு நல்லாத்தான் இருக்கு. சேரவே சேராதா அண்ணாச்சி?"

"ரோலர்ல சேராது."

பொய் இல்லை. சக்கைப் பற்றிச் சொல்லியிருந்தால் கூலி கூடும் என்பதையும் சொல்ல வேண்டும்; தேதி நெருங்கிய கல்யாண வீட்டில் அது பேரமாகத்தான் முடியும். இப்போதும் வழவழப்பான கோட்டிங் என்றால் மொட்டுதான். 'சேராது' என்று மட்டும் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. சக்கில் போடட்டுமா என்று கேட்கிறேனா என்றால், எல்லோரிடமும் கேட்பதில்லை.