சிற்றலை எடுக்கப்பட்ட செட்

எண்பதுகளில் புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் ஒரு ரேடியோ கடையில் வேலை பார்த்தேன். வால்வு செட்டுகள் அப்போதும் ரிப்பேருக்கு வரும். சைகோனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் குடும்பத்தோடு கப்பலில் வந்த பெட்டிகளும் அவற்றில் உண்டு.

அப்படி ஒரு சிங்கப்பூர் செட். டயலில் தூர நாட்டு நிலையங்களைப் பிடிக்கும் சிற்றலைக்கான எண்கள் இருந்தன, அலை மாற்றும் பேண்ட் சுவிட்சும் திரும்பியது. ஆனால் சேஸி என்ற உலோகத் தட்டுக்கு அடியில், சிற்றலையைப் பிடிக்கும் கம்பிச் சுருள்களான காயில்கள் இருந்த இடம் காலி. பிய்த்து எடுத்ததுபோல் இல்லை. சுவிட்சில் ஒரு முனைகூட ஒடியவில்லை. பற்றவைத்த துளைகளை அடைத்திருந்த ஈயத்தை எடுத்துவிட்டு, மெல்லிய பூச்சாக மட்டும் விட்டிருந்தார்கள். உள்ளூர் நிலையம் வரும் மத்திய அலைப் பக்கம் ஒரு கீறல் கிடையாது.

"ஜப்பான்காரன் காலத்துல எடுத்தது தம்பி" என்றார் கொண்டுவந்த பெரியவர்.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரியில் ஜப்பானிடம் விழுந்தது. அதன்பிறகு ரேடியோக்களைப் பதிவு செய்யவைத்து, சிற்றலையை எடுக்கவைத்தார்கள். உள்ளூர் நிலையம் மட்டும் கேட்கலாம். திருட்டுத்தனமாக லண்டன் செய்தி கேட்டு மாட்டினால் கெம்பெய்தாய் என்ற ராணுவப் போலீஸிடம் போக வேண்டியதுதான். 1943 அக்டோபர் 10ஆம் தேதி சாங்கி சிறைக்குள்ளேயே சோதனை நடந்தது. துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டதற்கு உள்ளிருந்து தகவல் போயிருக்கும், ரேடியோ இருக்கும் என்ற சந்தேகம். 57 பேரை இழுத்துப்போய் விசாரித்தார்கள். சித்திரவதையில் 15 பேர் செத்தார்கள். அந்தக் கப்பல் வேலைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

உத்தரவு போட்டது ராணுவம். காயிலை எடுத்தது யாரோ ஒரு மெக்கானிக். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், மறுத்திருந்தால் உயிர் போயிருக்கும். ஆனால் கட்டரால் வெட்டி எறிவது ஐந்து நிமிட வேலை. அவர் ஒவ்வொரு முனையாகச் சூடு காட்டி எடுத்திருக்கிறார். நாளைக்கு இன்னொருவர் திரும்பப் பற்றவைக்க வேண்டும் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தார் என்பது என் நம்பிக்கை. அவர் விட்டுவைத்த துளைகளிலேயே புதுக் காயிலைக் கோத்தேன். சுற்றுகளைக் கூட்டிக் குறைத்து, டிரிம்மர் என்ற சிறு திருகைத் திருகி அலைவரிசைக்குக் கொண்டுவர நேரம் பிடித்தது. பெரியவர் கேட்க ஆசைப்பட்டது பிபிசி தமிழ் ஒலிபரப்பை. அது தொடங்கியதே போருக்கு நடுவில், 1941 மே மாதம்தான்.

அப்புறம்தான் இதைப்பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஜெர்மனி பிடித்த நாடுகளிலும் இதே கதை. நார்வேயில் 1941இல் செட்டுகளையே பறித்தார்கள், நெதர்லாந்தில் 1943இல். பறிப்பதற்கு முன்பு, லண்டன் வரும் அதே அலைவரிசையில் இரைச்சலை ஒலிபரப்பி அமுக்கப் பார்த்தார்கள். டச்சுக்காரர்கள் அதற்கொரு வழி கண்டார்கள்: மரச் சட்டத்தில் கம்பி சுற்றிய ஏரியல். அதைத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு நிலையில் இரைச்சல் வரும் திசைக்கு அது செவிடாகிவிடும், செய்தி மேலே வரும்.

தொழில் கற்க வந்த பையன்களுக்கு அந்தச் சட்ட ஏரியலைச் செய்து காட்டியிருக்கிறேன். திருப்பத் திருப்ப ஒரு நிலையம் அறவே அடங்குவதைக் கேட்டதும், "இவ்வளவுதானா அண்ணே?" என்பார்கள். நிலையமும் இரைச்சலும் வேறு வேறு திசையில் இருந்தால்தான் இது பலிக்கும், இரண்டும் ஒரே கோட்டில் வந்தால் பலிக்காது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தேன்.