அம்மிக் குழவிக்கு அடியில் ஐந்து நாள்

மே மாத விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த என் தம்பியின் பிள்ளைகள் இருவரும் கையோடு ஒரு கைவினைப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார்கள். வெட்டித் தயாராக வைத்த அட்டை மீன்கள், பின்புறம் பசை தடவிய வண்ணத் தாள்கள், எங்கே எதை ஒட்ட வேண்டும் என்று எண் போட்ட படம், மினுக்குத் தூள் என்று எல்லாம் அதில் இருந்தன. பத்து வயது மகளும் ஏழு வயது மகனும் முக்கால் மணி நேரத்தில் அதை முடித்துவிட்டு, "அத்தை, அடுத்து என்ன செய்ய?" என்று வந்து நின்றார்கள். மினுக்குத் தூள் மட்டும் இன்னும் எங்கள் திண்ணையை விட்டுப் போகவில்லை.

அந்தப் பெட்டியின் மீது எனக்குப் பெரிய கோபம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பொருளைத் தேடுவது, நனைப்பது, காயவைப்பது, பக்குவம் பார்ப்பது என்று கைவேலையில் பாதிக்கு மேற்பட்டதை யாரோ ஒரு தொழிற்சாலையில் செய்து முடித்துவிட்டு, ஒட்டுவதை மட்டும் குழந்தைக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில், ஒரு பக்கம் பனை, மறுபக்கம் கடல் என்று குடியிருக்கும் எங்களுக்கு அந்த மீதிப் பாதியைக் கொடுப்பதில் சிரமம் எதுவும் இல்லை.

முதலில் ஓலைக் காற்றாடியில் தொடங்கினோம். பிள்ளைகளின் அப்பத்தா, அதாவது என் அம்மா, ஓலையில் பெட்டி முடைந்து பழகியவர் என்பதால், அந்த வேலையை அவரிடமே விட்டுவிட்டேன். குருத்தோலையின் நடுவில் ஓடும் ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிட்டு, ஓலையை ஈரத் துணியில் சுற்றி அரை மணி நேரம் வைக்க வேண்டும் என்றார் அம்மா. காய்ந்த ஓலையை அப்படியே மடித்தால் மடிப்பிலேயே ஒடிந்துவிடும். ஈரம் ஏறினால் துணிபோல் வளையும். அந்த அரை மணி நேரமும் பையன் துணியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பனைக்குக் கிளை கிடையாது, உச்சியில் ஒரே ஒரு குருத்துதான், அதை முழுதாக வெட்டினால் மரமே போய்விடும் என்று அம்மா சொன்னதை அவன் நம்பவில்லை. கொல்லைக்கு ஓடி அண்ணாந்து பார்த்துவிட்டு வந்த பிறகுதான் ஒப்புக்கொண்டான்.

காற்றாடிக்கு ஒரு விரல் அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள இரண்டு நறுக்குகள் போதும். இரண்டையும் கூட்டல் குறி போல வைத்து, நடுவில் ஒரு முள்ளைக் குத்தி, அதை ஒரு குச்சியின் முனையில் செருகினால் வேலை முடிந்தது. முள்ளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. சீமைக்கருவேலம் இந்த மாவட்டத்துக்குச் செய்த ஒரே உபகாரம் இதுதான் என்று நினைக்கிறேன். முள்ளை ஒடிப்பதும் குத்துவதும் பெரியவர்களின் வேலை. ஓலையில் விழும் துளை முள்ளைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். ஓலைக்கும் குச்சிக்கும் இடையில் சிறு ஓலை வில்லை ஒன்றைக் கோத்துவிட்டால் உரசாமல் சுற்றும்.

மகளின் காற்றாடி உடனே சுற்றியது. மகனுடையது காற்றில் நடுங்கியதே தவிர நகரவில்லை. என் கை தானாக அதை வாங்கப் போனது. அம்மா கண்ணாலேயே தடுத்துவிட்டார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அக்காவினுடையதோடு சேர்த்துப் பிடித்து ஒப்பிட்டு, வெகுநேரம் கழித்துக் கண்டுபிடித்தான்: நான்கு இறக்கைகளில் இரண்டை ஒரு பக்கமும் இரண்டை எதிர்ப்பக்கமும் முறுக்கியிருக்கிறான். இரண்டு வலப்புறம் தள்ள, இரண்டு இடப்புறம் தள்ள, காற்றாடி எந்தப் பக்கமும் போக முடியாமல் நின்றிருக்கிறது. நான்கையும் ஒரே திசையில் முறுக்கியதும் தென்மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்றில் அது பிய்த்துக்கொண்டு சுற்றியது. நான் வாங்கிச் சரிசெய்து கொடுத்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். ஏன் சுற்றவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தே இருக்காது.

வண்ணத்துக்குக் கடைக்குப் போகவில்லை. மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பூசினோம். அதன் மேல் வெற்றிலைச் சுண்ணாம்பைத் துளி தொட்டுக் கலந்தபோது அது ஆரத்திச் சிவப்பாக மாறியதைக் கண்டு பிள்ளைகள் கத்திய கத்தல் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் அதைத் தொட்டுக் கலக்கும் வேலையை நானே வைத்துக்கொண்டேன். மஞ்சள் நிறம் வெயிலில் நாலு நாளில் வெளுத்துவிடும். வெளுக்கட்டும்.

ஆனால் இந்த விடுமுறையில் எங்களை உண்மையில் கட்டிப்போட்டது கடற்பாசிதான். எங்கள் பக்கத்தில் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வது வழக்கம். கச்சான் வீசும் மாதங்களில் ஆண் கடல் சீறிக்கொண்டிருக்கும். காலையில் போனால் இரவெல்லாம் அலை பிய்த்து எறிந்த பாசிகள் கரை நெடுகக் கிடக்கும். பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் இந்தக் கரையில் நிறைய உண்டு. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை, பக்கோடா பாசி என்று அவர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டதும், பக்கோடா எங்கே என்று பையன் தேடத் தொடங்கிவிட்டான். கரையில் ஒதுங்கியதை மட்டும் எடுக்க வேண்டும், பாறையில் இருப்பதைப் பிடுங்கக் கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொண்டோம்.

செய்முறை எளியது, பொறுமைதான் அரிது. பாசியைக் கடல் நீரிலேயே மணல் போக அலசிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஒரே ஒரு முறை முக்கி எடுக்க வேண்டும். உப்பு போகாவிட்டால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு தாளைக் காயவே விடாது. அதற்காக நல்ல தண்ணீரில் ஊறப்போட்டாலோ சிவப்புப் பாசிகளின் நிறம் கசிந்து போய்விடும். அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, அடியில் தடித்த படத்தாளை அமிழ்த்தி, அதன் மேல் பாசியை மிதக்கவிட்டு, ஈர்க்கின் முனையால் ஒவ்வொரு கிளையாக விரித்துவிட வேண்டும். கடலுக்குள் அது எப்படி அசைந்திருக்கும் என்பது அப்போதுதான் தெரிகிறது. கரையில் கிடந்தபோது தலைமுடிச் சிக்குபோல் இருந்தது, தண்ணீரில் விரிந்ததும் மரமாகிவிட்டது. பிறகு தாளை ஒரு பக்கமாகச் சாய்த்து, மெல்ல மெல்லத் தூக்கி, நீரை வடியவிட வேண்டும். வேகமாகத் தூக்கினால் விரித்தது முழுவதும் ஒரு மூலைக்கு ஓடிவிடும். மகளுக்கு மூன்று தாள் அப்படிப் போன பிறகே நான்காவது சரியாக வந்தது.

வடிந்த தாளின் மேல் பழைய வேட்டித் துணியை விரித்து, கீழும் மேலும் செய்தித்தாள் அடுக்கி, ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் அம்மிக் குழவியை ஏற்றினோம். பாசியின் மேல் செய்தித்தாளை நேராக வைத்தால் அது ஒட்டிக்கொள்ளும். துணி என்றால் காய்ந்த பிறகு உரிந்து வரும். காலையும் மாலையும் ஈரத் தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாளை வைக்க வேண்டும். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் எங்களுக்கு ஐந்து நாள் பிடித்தது. இரண்டாம் நாளே பையன் யாருக்கும் தெரியாமல் தன் தாளின் துணியை உரித்துப் பார்த்திருக்கிறான். பாதிப் பாசி துணியோடு வந்துவிட்டது. அன்று மாலை அவன் சாப்பிடும்போது ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை என்னை எழுப்பிக் கடற்கரைக்கு அழைத்துப் போனதும் அவன்தான்.

பசையே இல்லாமல் எப்படி ஒட்டுகிறது என்று மகள் கேட்டாள். நோன்புக் காலத்தில் கீழக்கரைத் தோழி வீட்டிலிருந்து வரும் கடற்பாசி இனிப்பை நினைவுபடுத்தினேன். அந்த இனிப்பை உறைய வைக்கும் கூழ் மரிக்கொழுந்திலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. பாசியின் உடம்பிலேயே உள்ள அந்தப் பிசுபிசுப்பே அதைத் தாளோடு பிடித்துவைக்கிறது. மெல்லிய சிவப்புப் பாசிகளுக்குத்தான் இது நன்றாகப் பொருந்தும். கட்டைக்கோரை போன்ற முரட்டுப் பாசிக்கு ஆங்காங்கே கஞ்சிப் பசையைத் தொட்டுவைக்க வேண்டியிருக்கும். பக்கோடா பாசியோ எவ்வளவு பாரம் வைத்தாலும் தட்டையாகாது; பையன் அதை ஆசையோடு அழுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் அப்படியே காயவைத்து ஜன்னலில் வைத்துக்கொண்டான்.

சிப்பி வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்கரை என்றதும் எல்லோரும் முதலில் நினைப்பது அதைத்தான். எனக்கு அதில் சற்றுத் தயக்கம் உண்டு. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை பரவியுள்ள 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பவளப்பாறைகளும் சில வகைச் சங்குகளும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. ஆகவே பவளத் துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்கள் வீட்டுக்குள் வராது. உள்ளே நண்டு குடியிருக்கும் சங்கையும் விட்டுவிட வேண்டும். கூம்பு வடிவச் சங்கு உயிரோடு இருந்தால் அதைக் கையிலேயே எடுக்கக் கூடாது. அதன் கொடுக்கில் நஞ்சு உண்டு.

மிஞ்சுவது உடைந்த கிளிஞ்சல்கள்தாம். அவற்றில் சிலவற்றில் ஊசியால் துளைத்தது போல ஒரு வட்டத் துளை இருப்பதை மகள்தான் முதலில் கவனித்தாள். கடலடியில் திரியும் ஒருவகை நத்தை, சிப்பியின் ஓட்டைத் துளைத்து உள்ளிருக்கும் சதையைத் தின்றுவிடும். அதன் தடம்தான் அது. நமக்கோ துளையிடும் வேலை மிச்சம். அவற்றைக் கொதிநீரில் போட்டுக் காயவைத்து, வீட்டில் கிடந்த மீன்வலை நூலில் கோத்து வாசலில் தொங்கவிட்டாள். கொலை நடந்த சிப்பிகளை மட்டும் தேடிப் பொறுக்குவது என்று அக்காவும் தம்பியும் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

கண்மாய்க் களிமண்ணிலும் ஒரு நாள் கை வைத்தோம். வெயிலில் வைத்த பொம்மைகள் வெடித்தன, நிழலில் ஈரத் துணி மூடி வைத்தவை பிழைத்தன. அதற்கு மேல் அதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஊருக்குக் கிளம்பும் நாளில் கடைசியாக அழுத்திய மூன்று தாள்கள் இன்னும் காயவில்லை. விட்டுவிட்டுப் போ, காய்ந்ததும் அனுப்புகிறேன் என்றேன்; பையன் கேட்கவில்லை. குழவியைக் கொடுத்தனுப்ப முடியாது என்பதால் இரண்டு பலகைகளுக்கு நடுவில் தாள்களை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொடுத்தோம். மண்டபத்தில் ரயில் ஏறியவன் அதை மடியில் வைத்துக்கொண்டே போனானாம். மறுநாள் இரவு தொலைபேசியில் அழைத்து, செய்தித்தாள் மாற்றியாகிவிட்டது, துணியைத் தொடவில்லை, ஆனால் மேலே வைக்க வீட்டில் கனமாக எதுவும் இல்லை, அப்பாவின் சட்டப் புத்தகங்களை வைக்கலாமா என்று கேட்டான்.